கப்டன் கடித்த கதிரைக்கால்

இந்தக் கோயில் திருநாளுக்கு என் மனுசியை இத்தாலியிலிருந்து எங்கள் ஊர் மாம்புரிக்கு இறக்கியே தீருவது என்று சபதம் எடுத்தேன். அதுவும் "வா" என்று கேட்காமல். கேட்டால் என் மீசைக்கு என்ன மரியாதை?

றோசமேரி அங்கே போய் மூன்று வருசம். அவளும் ஷானிகா என்கிற சிலாபத்துப் பிள்ளையும் ஒரு கிழவியை முறை வைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் மகள் கலியாணம் முடித்துத் தூரத்தில். வீட்டில் நானும் கப்டன் என்கிற நாயும்தான். கடலுக்குப் போய் வந்தால் மிச்ச நாள் முழுக்க நான் கதைப்பது கப்டனோடு. அதுவும் பாதிக் கதையில் எழும்பிப் போய்விடும். சில நாள் ஞாபகமில்லாமல் இரண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிவிடுவேன். இரண்டையும் நானே குடிப்பேன்.

ஒருநாள் கப்டன் என் செருப்பைக் கடித்துக் குதறியது. சும்மா வாட்சப்பில் காட்டினேன். றோசம் முக்கால் மணித்தியாலம் கதைத்தாள்! நாயைப் பற்றித்தான். இருந்தாலும் முக்கால் மணித்தியாலம். அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஒரு செருப்புக்கே இவ்வளவு என்றால், வீடே நாசமானால் ஓடி வரமாட்டாளா?

ஆனால் அந்தப் பாவி நாய் அன்றோடு திருந்திவிட்டது. என்ன செய்ய? கட்டாக் கருவாடு ஊறவைத்த தண்ணியை எடுத்துக் கதிரைக்காலில் பூசினேன். பிறகு அலுமாரிக் கதவில். பிறகு அவள் சீதனமாகக் கொண்டுவந்த கட்டிலில். கப்டன் தன் கடமையைச் செய்தது.

"ஐயோ மாதாவே! கட்டிலையுமா?"

"ஓம். நாய்க்கு உன்ட ஏக்கம் றோசம். சோறு இறங்குதில்ல."

"நாய்க்கா?"

"பின்ன? உன்ட பழைய சட்டையக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் படுக்குது."

சட்டையைக் கட்டிப்பிடித்துப் படுத்தது நாயில்லை. அதை விடுங்கள்.

"அடிச்சுப் போடாதீங்க. தனிய விட்டா நாய் அப்பிடித்தான் கடிக்கும். காலையிலயும் பின்னேரமும் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. கடிக்கிறதுக்கு ஒரு எலும்பு குடுங்க. சொல்லுக் கேட்டாத் தலையத் தடவி, 'நல்ல பிள்ளை' எண்டு சொல்லுங்க."

எனக்கு ஆர் தடவுறது என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஒரு கிழமை முழுக்க நடந்தோம். நாய் இளைக்கவில்லை, எனக்குத்தான் முழங்கால் வீங்கியது. ஞாயிறு பூசை முடிந்து வந்து புதுசாக ஒரு கதிரைக்குக் கருவாட்டுத் தண்ணி பூசி, கப்டன் கடித்த கையோடு போனில் காட்டினேன்.

"கொஞ்சம் கிட்டக் காட்டுங்க... நாய் கடிச்சது சரியப்பா. பக்கத்து வீட்டு எமிலியா அக்காட பூனை ஏன் அதை நக்குது?"

திரும்பிப் பார்த்தேன். நக்கிக்கொண்டுதான் இருந்தது.

"அதுக்கும் உன்ட ஏக்கமாக்கும்."

"மூண்டு பூனைக்குமா? யன்னல்ல காகம் வேற குந்திக்கொண்டிருக்கு."

போனைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினேன்.

"கருவாடு காயப்போட்ட முத்தத்தில தவழ்ந்து வளந்தவளுக்கே கருவாட்டுத் தண்ணி காட்டுறீங்களா? சரி, உண்மையச் சொல்லுங்க. ஏங்குறது நாயா, நீங்களா?"

ஒரு சொல்லுத்தான். மீசை குறுக்கே வந்து நின்றது.

"எனக்கென்ன? நான் ராசா மாதிரி இருக்கன். நாய்தான்."

"நாய்தானே?"

"நாய்தான்."

"கடைசியாக் கேக்கிறன். நாய்தானே?"

"நாய்தான் எண்டுறன்!"

பைபிளில் வருகிற மாதிரி மூன்று தரம் மறுதலித்தாயிற்று. சேவல் கூவாதது ஒன்றுதான் குறை. "சரி, அப்ப அதுக்கே ஒரு வழி பண்ணுறன்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் கோயிலடியில் திருநாள் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். சோடி சோடியாக நின்று எல்லாரும் பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஓடி வந்து நானே போன் எடுத்தேன்.

"றோசம், நாயில்ல. நான்தான். தனிய இருக்க ஏலாது புள்ள. திருநாளுக்கு வா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இந்த ஒரு சொல்லுக்குத்தானே மூண்டு வருசமாக் காத்திருந்தன்! ஞாயித்துக்கிழமை லீவுக் கடுதாசியக் கையில வச்சுக்கொண்டுதான் மூண்டு தரம் கேட்டன்."

"இப்ப?"

"கிழவியத் தனிய விடேலாது. ஒராள்தான் வரலாம். நீங்க நாய்தான் எண்டு அடிச்சுச் சொன்னீங்க. லீவ ஷானிகாவுக்குக் குடுத்திட்டன். அவ டிக்கெட்டும் போட்டுட்டா. வாற வருசம் கட்டாயம் வாறன்பா."

வாற வருசம். கப்டன் கடித்த கதிரையிலேயே இருந்துவிட்டேன்.

"கவலப்படாதீங்க. அங்க செய்ய வேண்டியதச் செஞ்சிருக்கன். இந்த நேரத்துக்குக் கொண்டுவரச் சொன்னன், வாசலப் பாருங்க."

வாசலில் எமிலியா அக்கா நின்றாள். இடுப்பில் ஒரு பெட்டை நாய்க்குட்டி. "றோசம்தான் குடுக்கச் சொன்னா தம்பி. கப்டன் பாவமாம், தனிய ஏங்குதாம்."

கப்டன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து அது ஒன்றையும் கடிப்பதில்லை. இந்த வீட்டில் துணையில்லாமல் கிடக்கிறது இப்போது நான் ஒருத்தன்தான்.