சுட்டது என் கண்ணாடிதான்

உருகிப்போன பைக் சீட்டைக் கழற்றிக் கையோடு தூக்கிக்கொண்டு வந்து நின்றார் பூட்டுக்கடை மூக்கையா.

"அண்ணே, வண்டிய உங்க மஹாலுக்கு முன்னாடி ரோட்டுல நிப்பாட்டிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாரேன், சீட்டு இப்பிடிக் கெடக்கு. கண்ணாடி வெளிச்சம் ஒரே எடத்துல குவிஞ்சு விழுகுது. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

வேறு யாராக இருந்தாலும் எனக்கென்ன தெரியும் என்று கைவிரித்திருப்பார்கள். சோலைமலைக்கு அந்தப் புத்தி கிடையாது. இருபது வருஷம் காய்கறி மண்டி நடத்திக் கட்டிய கல்யாண மஹால் அது. மூன்று மாடி உயரத்துக்கு, உள்வாங்கி வளைந்த கண்ணாடி முகப்பு. தை மாசம் கடைசி வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அன்றைக்கே முதல் முகூர்த்தம், அதுவும் சொந்த மகள் தமிழ்மதிக்கு.

"சுட்டது என் கண்ணாடிதான்யா," என்றார், பேரன் பிறந்த சேதியைச் சொல்கிற முகத்தோடு. "மதுரையில கூட இம்புட்டு வளைவு கெடையாது. நீ புதுச் சீட்டு மாட்டிக்க, நான் பாத்துக்கிறேன்."

சண்டை போட வந்த மூக்கையா கைகொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் அங்காளம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "கண்ணு பட்டிருச்சுங்க. ஊரே அண்ணாந்து பாத்துட்டுப் போகுதுல்ல."

செவ்வாய்க்கிழமை காலையில் ரோட்டோரப் பந்தக்காலில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. பிதுங்கிய கண்ணும் முறுக்கு மீசையுமாக அதில் ஓர் அரக்கன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அரக்கனின் மீசை பொசுங்கியது. பன்னிரண்டே காலுக்குக் கயிறு எரிந்து அறுந்து, அந்த வழியாகப் போன தயிர்க்காரரின் கேன் மீது அரக்கன் இறங்கினான். சோலைமலை தயிருக்கும் பொறுப்பேற்றுக்கொண்டார். பொறுப்பேற்கும்போது அவர் மார்பு இரண்டு அங்குலம் அகலமாகியது.

"ஏங்க, நெழலு மாதிரி எதையாச்சும் கட்டுங்க," என்றாள் அங்காளம்மாள்.

புதன்கிழமை ரோட்டோரம் முழுக்கச் சாமியானா கட்டினார். உச்சிவேளைக்குத் துணியில் ஒரு பழுப்புப் பொட்டு விழுந்தது. பொட்டு ஓட்டையாகியது, ஓட்டை புகைந்தது. செத்த நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்து சாமியானாவையும் கல்யாணத்துக்கு இறக்கி வைத்திருந்த மெத்தைகளையும் ஒன்றாக நனைத்துவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு கூட்டத்தைக் கேட்க வேண்டுமா? பிரியாணிக் கடைகளில் பந்தி பாதியில் எழுந்து வந்தது. பேச்சாயி என்கிற வத்தல் வியாபாரி ஒரு தட்டில் மோர்மிளகாயைப் பரப்பி, வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தாள்.

"ரெண்டு நாள் காயுறது அரை மணியில காயுது, அப்பு," என்று சோலைமலையிடம் சொன்னாள்.

"பின்ன?" என்றார் அவர். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். மெத்தை போன துக்கம் அப்போதே போய்விட்டது.

மூன்று மணிக்கு நகராட்சியிலிருந்து இஃப்பத் மேடம் வந்தார். கையில் ஒரு படிவம்.

"சார், மூணு நாளா புகார். இது உங்க கட்டடத்தால வர்ற சூடுதான்னு உறுதியா தெரியுமா? தெரியலன்னா சொல்லுங்க, ஆள் விட்டுப் பாப்போம்."

ஆள் விட்டுப் பார்ப்பதா? சோலைமலைக்குச் சுருக்கென்றது.

"மேடம், இந்தத் திண்டுக்கல்லுல வேற எவன் கண்ணாடிக்கு இந்தச் சக்தி இருக்கு? எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."

போட்டார். மேடம் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப முகப்பு பூராவும் தார்ப்பாய் போட்டு மூடுங்க. எஞ்சினியர் வந்து பாத்துச் சரின்னு எழுதிக் குடுக்குற வரைக்கும் மஹாலத் திறக்கக் கூடாது."

"வெள்ளிக்கெழம எம் மக கல்யாணம் மேடம்."

"ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டீங்களே சார்," என்றார் அவர், உண்மையிலேயே வருத்தப்பட்டு.

அந்த முகூர்த்தத்துக்கு ஊரில் காலியாக இருந்தது ஒரே ஒரு மண்டபம். நேர் எதிரே இருந்த நாகஜோதி மஹால். அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்தே போட்டி. போன மாதம்தான் நாகஜோதி தன் முகப்பை இடித்துப் புதுசாக்கியிருந்தாள். சோலைமலை அந்தப் பக்கம் தலையைத் திருப்பியதே இல்லை. இப்போது மகள் அழுத முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்த தலையோடு அதே வாசலில் ஏறினார். மண்டபத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, படியிறங்கும்போது மட்டும் நிமிர்ந்துகொண்டார்.

"என்ன செய்ய தங்கச்சி. என் கட்டடம் அப்பிடி. தாங்க முடியல ஊருக்கு."

"பெருமதாண்ணே," என்றாள் நாகஜோதி.

மண்டபம் மாறிய சேதி ஒட்டன்சத்திரத்துச் சம்பந்தி வரைக்கும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தது. எங்கள் கண்ணாடியின் அதீத சக்தி காரணமாக என்று அதில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்.

வியாழக்கிழமை காலையில் தார்ப்பாய்ச் சுருளோடு கண்ணாடி துடைக்கிற வீரன் வந்து நின்றான். நாகஜோதி மஹாலைப் பார்த்து ஏணியைத் தூக்கினான்.

"ஏலே, எங்கிட்டுப் போற? நம்ம கண்ணாடியிலதான் கட்டணும்."

வீரன் ஏணியை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நம்மதுல எதுக்குண்ணே? நம்ம மஹால் வடக்குப் பாத்தது, பத்து நாளா கயித்துல தொங்குறேன், ஒரு பொட்டு வெயில் மேல பட்டதில்ல. சுடுறது பூராம் எதுத்த நாகஜோதி அக்காவோட வளைஞ்ச புதுக் கண்ணாடிதானே."