சொத்தைப் பல்லும் ஆவூர் மாதா சத்தியமும்

இந்த மரியசெல்வத்தின் வாய்க்குள் எந்த மிஷினும் நுழையக் கூடாது! எவன் வந்து சொன்னாலும் என் முடிவு மாறாது! இலுப்பூரில் என் வீட்டு நடுக்கூடத்தில் நின்று இப்படி அறிவித்தேன்.

என் தொழில் போர்வெல் போடுவது. விராலிமலையிலிருந்து திருவரங்குளம் வரை பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்தவன் நான். துளைக்கிற மிஷின் என்னென்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயம். வலது கடைவாய்ப் பல்லில் குழி விழுந்து, ஐஸ் தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை சுளீர் என்றது. ஆனாலும் இடது பக்கமே மென்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"ஊரு நெலத்தையெல்லாம் தொளைச்சீங்கள்ல? ஒங்க பல்லை ஒருத்தரு தொட்டா என்னவாம்?" என்றாள் என் மனைவி அன்புச்செல்வி.

"நெலம் கத்தாது. நான் கத்துவேன்."

"இப்படியே விட்டா பல்லே போயிரும்ங்க."

அந்த நேரம் பார்த்து, என் போனுக்குத் தேவதூதன் மாதிரி ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் அவள் தம்பி அருள்தாஸ். 'சொத்தைப் பல் தானாகவே வளரும்! விஞ்ஞானிகள் சாதனை!' கீழே ஒரு முழ நீளத்துக்கு என்னென்னவோ இருந்தது. எனக்குத் தலைப்பே போதும்.

"பாத்தியா! பல்லு தானா வளருமாம். மிஷினும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்!"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அப்படி ஒரு வைத்தியம் இருந்தா செஞ்சுக்குவீங்களா?"

"மொத ஆளாப் போவேன்." எப்படியும் அது அமெரிக்காவிலோ ஜப்பானிலோதான் இருக்கும். நான் பாஸ்போர்ட்டே எடுக்காதவன்.

"சத்தியமா?"

"ஆவூர் மாதா மேல சத்தியம்!"

சனிக்கிழமை சேலை எடுக்கணும் என்றாள். பைக்கில் புதுக்கோட்டைக்குப் போனோம். கடைவீதியில், "அங்கிட்டுத் திருப்புங்க" என்றாள். திருப்பினேன். எதிரே ஒரு போர்டு. அதில் ஒரு பெரிய பல் என்னைப் பார்த்துச் சிரித்தது. சட்டென்று பிரேக்கைப் பிடித்தேன்.

"என்னடி இது?"

"பல்லு வளர்ற வைத்தியம். இங்கேயே செய்றாங்க. எறங்குங்க, மாதா பாத்துக்கிட்டு இருக்கா."

டாக்டர் மோகனப்ரியாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நாற்காலியில் என்னைச் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "சொத்தையைச் சுரண்டி எடுத்துட்டு, நரம்புக்கு மேல ஒரு மருந்து வைப்பேன். அது பட்டதும் பல்லு உள்ளுக்குள்ள புதுசா ஒரு சுவரு கட்டிக்கும்."

"சுரண்டுறதுன்னா... எதால?"

எடுத்துக் காட்டினார். ஐயோ! என் போர் வண்டி போட்ட குட்டி!

"செய்தியில தானா வளரும்னு போட்டிருந்துச்சேம்மா!"

"மேல உள்ள எனாமல் வளராதுங்க, அதை நான்தான் அடைக்கணும். உள்சுவருதான் வளரும். அதுவும் நரம்பு உசுரோட இருந்தா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா, நரம்பு செத்துப் பல்லைப் புடுங்குற நெலமைக்குப் போயிருக்கும்."

புடுங்குறதா! வாய் தானாகத் திறந்துகொண்டது.

ஊசி போட்டதில் வலி தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. என் வண்டிச் சத்தமேதான், கொஞ்சம் கீச்சுக்குரல். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

வெளியே வந்ததும், பல் பிழைத்த சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உடனே அருள்தாஸுக்குப் போன் போட்டேன். மரத்துப்போன வாயில் வார்த்தை கோணலாக வந்தது.

"மச்சான், நீ அனுப்புன செய்திதான்டா என் பல்லைக் காப்பாத்துச்சு! ரொம்ப நன்றி!"

"நன்றியை அக்காக்கிட்ட சொல்லுங்க மச்சான். அனுப்பச் சொன்னதே அதுதான். செய்தி நெசம். தலைப்பு அக்கா போட்டது. அதுக்குக் கீழ நீங்க படிக்க மாட்டீங்களாம்ல?"

திறந்த வாயை மூடாமல் திரும்பிப் பார்த்தேன். அன்புச்செல்வி எதிரே இருந்த துணிக்கடையின் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். சேலை விஷயம் மட்டும் பொய்யில்லையாம்.