எங்கள் டிரம்மர் சி.ஐ.டி.

யாரையும் எதையும் நம்பாமலே மும்பையில் ஒருவன் உயிர் வாழ முடியும் என்பதற்கு ஒரே சாட்சி எங்கள் டிரம்மர். சொந்தப் பெயர் எதற்கு? தாராவியில் சி.ஐ.டி. என்று கூப்பிட்டால் போதும். "எவம்ல அது? எதுக்குக் கூப்பிடுத?" என்று திரும்புவான்.

பேண்டில் மூன்றே பேர். நான் பாட்டு, அன்வர் கீபோர்டு, இவன் டிரம்ஸ். அன்வரின் மாமாவுடைய தோல் பை பட்டறையில், லீவு நாளில் பிராக்டிஸ். வடாபாவ் வாங்கிக் கொடுத்தால் முதல் கடியை எங்களைக் கடிக்கச் சொல்லி, நாங்கள் விழாமல் நிற்கிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் தின்பான். தாளம் பிசகாமலிருக்கப் போனில் டிக் டிக் ஆப் போட்டால், "எவனோ எங்கயோ இருந்து இத மெதுவாக்குதாம்ல" என்பான். குர்லாவில் ஒரு கல்யாணத்தில் முதன்முதலாகக் கைதட்டல் கிடைத்தது. நான் பூரித்துப் போய்த் திரும்பினால், "எதுக்குல தட்டுதானுவ? பந்திக்கு நேரமாச்சு, எறங்குங்கன்னு சொல்லுதானுவளோ?" என்றான். சும்மா சொல்லக்கூடாது, விஷயம் அதுதான்.

அப்புறம் அன்வர் புதுக் கீபோர்டு வாங்கினான். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் டிரம்ஸ் தானாக வாசிக்கும். சி.ஐ.டி. முகத்தில் ஈயாடவில்லை.

"இது எதுக்குல?"

"கம்பெனிக்காரன் வச்சிருக்கான். நான் என்னல செய்ய?"

"என்னயக் கழட்டி விடதுக்குத்தான?"

அதுவரை அவன் சந்தேகத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். அன்று சிரிப்பு வரவில்லை. பயல் நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

செம்பூரில் ஒரு ஹால். சாப்பாட்டுக்கு இல்லாமல் பாட்டுக்கென்றே ஜனம் வரும் முதல் நிகழ்ச்சி. அன்வருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. ஆகவே சி.ஐ.டி.க்கு வாட்ஸ்அப்பில், இங்கிலீஷ் எழுத்தில் ஹிந்தியாக, "கல் ஷாம் பேண்ட் ஹை" என்று தட்டிவிட்டான். நாளை சாயங்காலம் நம் பேண்ட் இருக்கிறது என்று அர்த்தம். சனியன், இங்கிலீஷில் பேண்டுக்கும் பந்த்துக்கும் ஒரே எழுத்து! நாளைக்குப் பந்த், எல்லாம் மூடல் என்று படித்தான் சி.ஐ.டி. படித்தவன் சும்மா இருப்பானா? பந்த் தனக்கு மட்டும்தானோ, பட்டனை வைத்தே ஒப்பேற்றப் போகிறார்களோ என்று அவனுக்குச் சந்தேகம். போனை எடுக்கவே இல்லை.

ஹால் நிரம்பிவிட்டது, டிரம்ஸுக்குப் பின்னால் ஆளில்லை. ஏற்பாட்டாளர், "அரே, அந்த பட்டனை தபாவோ, அமுக்குங்க! ஷுரு கரோ, ஆரம்பிங்க! இல்லேன்னா எறங்குங்க!" என்று கத்தினார். அன்வர் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் மைக்கைப் பிடித்தான்.

"மன்னிச்சிக்கிடுங்க. எங்க டிரம்மர் இல்லாம நாங்க வாசிக்க மாட்டோம். கெளம்புதோம்."

சொல்லிவிட்டு வயரைப் பிடுங்க ஆரம்பித்தான். மூன்றாம் வரிசையில் தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடியோடு ஓர் உருவம் எழுந்தது.

"ஏல, பந்துன்னு நீதான எழுதுன?"

"பந்து இல்லல கோட்டிக்காரா, பேண்டு!"

ஹாலே சிரித்தது. மாஸ்க்கை இழுத்துவிட்டு மேடையேறி, குச்சியைக் கையில் எடுத்தவன், வாசிக்காமல் அன்வரையே முறைத்தான்.

"நான் உக்காந்திருக்கது தெரிஞ்சுதான அப்படிப் பேசுன?"

"அல்லா மேல சத்தியமாத் தெரியாதுல."

அன்று வாசித்தான் பாருங்கள், தாளம் தறிகெட்டு ஓடியது, நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

நாங்கள் நல்லவர்கள் என்று இன்றுவரை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. போகட்டும். பின்னால் உட்கார்ந்து அவன் என் முதுகைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் எனக்குத் தொண்டையே திறக்கிறது.