வீட்டுக்காரர் லேப்டாப்பில் நான் வைத்த ஒற்றன்

சந்தேகப்படுவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டும். எனக்கு அது சுத்தமாகக் கிடையாது.

கல்யாணமான இரண்டாம் வருடம், போத்தனூரில் குடியிருந்தோம். வீட்டிலிருந்தே வேலை பார்த்த என் கணவர், நான் அறைக்குள் போனாலே லேப்டாப்பைப் படக்கென்று மூடினார். (எந்தப் பெண்டாட்டிக்குப் பொறுக்கும்?) ஒரு வேவு சாஃப்ட்வேரை இணையத்தில் வாங்கி, அவர் குளிக்கப் போன நேரம் ஏற்றிவிட்டேன். ‘யாராலும் நீக்க முடியாது’ என்றது விளம்பரம். அதில் மட்டும் பொய்யில்லை.

மூன்றே நாளில் குட்டு உடைந்தது. மனுஷன் திருட்டுத்தனமாகத் தேடியது, வழுக்கையில் முடி நட்டால் வலிக்குமா என்று!

வெட்கப்பட்டு அதை நீக்கினேன். லேப்டாப்பைத் திரும்பத் திறந்தால், அதே இடத்தில் இருந்தது. நான்கு தடவை நீக்கினேன். நான்கு தடவையும் வந்தது. அதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

“யாரோ உளவு பாக்கறாங்க. கம்பெனி வேலையெல்லாம் இதுலதான் கெடக்குது. வா, கவிதாகிட்டப் போலாம்.”

கவிதா அவர் தங்கை. காந்திபுரத்தில் வக்கீல். பைக்கில் போகும் வழியில் சிக்னலில் ஒரு போலீஸ்காரர் நிற்க, முகத்தை இவர் முதுகில் புதைத்துக்கொண்டேன். (பாசம் என்று நினைத்திருப்பார், பாவம்.)

“ஏங்கண்ணு, இதை விக்கறதே தப்பில்லையா?” கவிதாவின் ஆபீஸில் உட்கார்ந்ததுமே பழியை விற்றவன் தலையில் கட்டப் பார்த்தேன்.

“அவன் நழுவிருவானுங்க அண்ணி. ‘சொந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் போடுங்க’ன்னு அடியில பொடி எழுத்துல போட்டிருப்பான். கேக்காம அடுத்தவங்களுதுல போட்டவங்கதான் மாட்டுவாங்க. மூணு வருசம் வரைக்கும் ஜெயிலுங்க.”

“ஊட்டு ஆளுங்களே போட்டாலுமா?”

“சட்டத்துல ஊட்டு ஆளுகளுக்குத் தள்ளுபடி இல்லீங்க.” புகார் எழுதப் பேனாவை எடுத்தாள். “யாரு மேலயாச்சும் சந்தேகமாண்ணா?”

இவர் யோசித்தார். “பக்கத்து ஊட்டுக்காரர் ஒருநா இதை வாங்கிட்டுப் போனாரு...”

பேனா காகிதத்தைத் தொட்டது. தினமும் எங்களுக்குக் கறிவேப்பிலை பறித்துத் தரும் மனிதர் அவர்!

“எழுதாத கண்ணு! நாந்தான் போட்டேன்.”

இவர் என்னையே பார்த்தார். விவாகரத்து, விலங்கு, சிறைக் களி எல்லாம் என் கண்முன் வரிசையாக வந்தன. கடைசியில் வாயைத் திறந்தார்.

“அப்ப... நான் தேடுனதையெல்லாம் பாத்துட்டியா?” கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

கவிதா மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

லேப்டாப்பை மொத்தமாக அழித்த பிறகே அந்தச் சனியன் ஒழிந்தது. எங்கள் கொடைக்கானல் போட்டோக்களும் கூடவே போயின. இவர் நான்கு நாள் பேசவில்லை. பிறகு மன்னித்துவிட்டார்.

கவிதாதான் விடவில்லை. இன்றும் கல்யாண வீடுகளில் என்னைப் புதியவர்களுக்கு இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்: “எங்க அண்ணிங்க. இப்போதைக்கு ஜாமீன்ல வெளிய இருக்காங்க.”