காயலைக் கடக்காத கேப்டன்

1987 அக்டோபர் 12, திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். செஷல்ஸின் வெளித்தீவுகளுள் ஒன்றான பெல்மிரில், பண்டகசாலைப் பொறுப்பாளர் ஒக்தாவ் லாரு கையால் ஊட்டி வளர்த்த ஆலா என்னும் கடற்பறவையின் குஞ்சுக்கு வெளியேற்ற உத்தரவு பிறந்தது.

"சனிக்கிழமை விக்டோரியாவுலேர்ந்து பறவை அதிகாரி வர்றார். காட்டுப் பறவை வீட்டுல இருந்தா என் சீட்டு கிழிஞ்சிடும். அதுக்குள்ள அது அக்கரைக்குப் பறந்து போயிடணும்," என்றார் தீவு மேலாளர் கிஸ்லேன்.

"எப்படிப் பறக்கும் சார்? நடுவுல பாரைங்க நிக்குதே!" என்றார் ஒக்தாவ்.

அக்கரை மணல்திட்டில்தான் ஆலாக்கூட்டம் இருந்தது. இடையிலிருந்த காயலில் பாரைமீன்கள் காத்திருந்தன. நீரில் நிழல் விழுந்த கணமே எம்பி, பறக்கும் பறவையை அந்தரத்திலேயே விழுங்கிவிடும் மீன்கள் அவை. கேப்டன் என்று பெயர் சூட்டி, காலில் சிவப்பு நூலும் கட்டிய பிள்ளையை அவற்றின் வாயில் கொடுக்க ஒக்தாவ் தயாராக இல்லை.

ஆயினும் அவர் மனம் தளரவில்லை. "வயிறு ரொம்பின மீன் வாயத் தொறக்காது," என்று சமையற்காரி ஜோசியானிடம் அறிவித்தார்.

செவ்வாயன்று இரண்டு வாளி மீன்குடலைக் காயலில் கொட்டினார். காலையில் எட்டாக இருந்த பாரைகள் மாலையில் பத்தொன்பது ஆயின.

"விருந்து வெச்சீங்க, சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்துருச்சுங்க," என்றாள் ஜோசியான்.

"வெரட்டத் தெரியாதா எனக்கு?"

புதனன்று துடுப்பால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்தார். சிறுமீன் கூட்டம் துள்ளும் ஓசை என்றே பாரைகள் அதைக் கொண்டன. எண்ணிக்கை இருபத்தெட்டு.

வியாழனன்று, ஞாயிறு பூசைக்கு அணியும் கறுப்புக் கோட்டைக் கம்பில் மாட்டி, மீன்களை அச்சுறுத்தக் காயலின் நடுவே நட்டார். காற்றில் கோட்டின் கை சிறகடித்தது. நீர் வெடித்தது. இடக்கையைக் காணவில்லை.

"ஒத்தக் கையோட போனா பாதிரியார் பாதி ஆசீர்வாதந்தான் குடுப்பாரு அண்ணே!" என்றாள் ஜோசியான்.

"சிரி, சிரி. கேப்டனுக்குப் பயத்துல பசியே இல்ல, தெரியுமா?"

அது மெய்தான். விடியுமுன் மாவுமூட்டைகளுக்குக் காற்றோட்டமாக, கேப்டன் தூங்கும் பண்டகசாலையின் ஜன்னலைத் திறந்துவிட்டு ஜெனரேட்டரை இயக்கச் செல்வார் ஒக்தாவ். ஏழு மணிக்குத் திரும்பும்போது கேப்டன் மூட்டைமீது மூச்சிரைக்க அமர்ந்திருக்கும். நீட்டிய மத்தி மீனில் பாதியைத்தான் தின்னும். பிள்ளையைக் கனவிலும் பாரைகள் துரத்துகின்றனவே என்று அவர் கலங்கினார்.

வெள்ளியன்று பறக்கும் பயிற்சி. கைகளை விரித்துக்கொண்டு ஒக்தாவ் கரைநெடுக மூன்று முறை ஓடினார். கேப்டன் அவருடைய தொப்பியின்மேல் அமர்ந்து சவாரி செய்தது. கொப்பரைக்குத் தேங்காய் உரிப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினர்.

சனிக்கிழமை வந்தது. ஒக்தாவ் ஜெனரேட்டர் பக்கமே போகவில்லை. இருட்டிலேயே எழுந்து, கேப்டனை மார்போடு அணைத்தபடி படகுத்துறையில் அமர்ந்துவிட்டார். கீழே நாற்பது பாரைகள் வட்டமிட்டன.

எட்டு மணிக்கு அதிகாரியின் கப்பல் தொடுவானில் தெரிந்தது.

"விடுய்யா அத!" என்றார் மேலாளர்.

"பச்சப்புள்ள சார். ஒரு தடவகூடப் பறந்ததில்ல. பாதி வழியில பாரைங்க முழுங்கிடும்."

மேலாளர் கப்பலைப் பார்த்தார், பாரைகளைப் பார்த்தார், ஒக்தாவின் கண்ணீரையும் பார்த்தார். முடிவாகத் தீர்மானிக்கப்பட்டது இது: ஒக்தாவ் பறவையை மூடிய கூடையில் வைத்து, படகில் காயலைக் கடந்து, அக்கரை மணல்திட்டில் இறக்கிவிட்டு வரவேண்டும். இனிமேல் காயலில் மீன்குடல் கொட்டக்கூடாது. கோட்டுக்கு இழப்பீடு கிடையாது.

ஒக்தாவ் கூடையைத் திறந்த வேளையில், மணல்திட்டில் தனியாக வசிக்கும் வானிலைக் காவலர் ஆன்செல்மின் படகு துறையில் முட்டியது. மாத ரேஷன் வாங்க வந்த அந்தக் கிழவர் கேப்டனின் காலில் சிவப்பு நூலைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார்.

"அடியே ரோசம்மா, இங்கதான் இருக்கியா? ரெண்டு வாரமா விடியுமுன்ன டாண்ணு பறந்து வந்து மீன் தின்னுட்டுப் போவியே, இன்னிக்கு ஏண்டி வரல, இந்த ஆளு புடிச்சு வெச்சுக்கிட்டானா?"