பார்த்தது வேறு, நினைத்தது வேறு

பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளைகள் மறந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. மறுநாள் திரும்ப நடத்திக்கொள்ளலாம். நிஜமாகவே கற்றுக்கொண்டுவிட்டால்தான் தொல்லை. நடுரோட்டில், போலீஸ்காரர் முன்னால், நமக்கு எதிராகவே அதை எடுத்து வீசுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போவார். அம்மா களை பறிக்கப் போவார். வெள்ளிமலைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக எனக்கு வேலை கிடைத்தபோது தலை கால் புரியவில்லை. கண்டக்டர் "எங்கம்மா போவணும்?" என்று கேட்டால்கூட "நான் டீச்சர்" என்றுதான் பதிலை ஆரம்பிப்பேன். (அவர் கேட்டது ஊர்ப் பெயரை.)

என் வகுப்பில் தினமும் ஒரு விளையாட்டு நடக்கும். ஒரு பிள்ளை ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது கண்ணால் பார்த்ததா, மனசால் நினைத்ததா என்று மற்றவர்கள் கத்த வேண்டும்.

"மேகம் கறுப்பா கீது."

"பார்த்தது!"

"மழை வரும்."

"நினைத்தது!"

"கணக்கு சாரு கோவமா கீறாரு."

"நினைத்தது!"

"கணக்கு சாரு கையில குச்சி கீது."

"பார்த்தது! பார்த்தது!"

பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படக் கூடாது. அறிவியலில் நான் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்த பெரிய சொத்து இதுதான். எட்டாம் வகுப்பு செல்வியும் பச்சையம்மாளும் இதில் கெட்டிக்காரிகள்.

கள்ளக்குறிச்சியில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி வந்தது. இரண்டு பேரையும் அழைத்துப்போக ஆசைப்பட்டேன். பச்சையம்மாள் வீட்டில் சரி என்றுவிட்டார்கள். செல்வியின் அப்பா சடையன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். ஊரெங்கும் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம். எந்த ரோட்டில் எப்போது மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"இட்டுக்கினு போங்க டீச்சர். இருட்டுறதுக்குள்ள பொண்ணு வூடு வந்து சேரணும். வரலன்னா அதோட படிப்பு முடிஞ்சிது. அவ மாமன் வேற பொண்ணு கேட்டுக்கினு கீறான்."

"நான் இருக்கேன்ல? நான் டீச்சர்," என்றேன், தலையை நிமிர்த்தி.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும் என்று காட்டுவதுதான் எங்கள் சோதனை. ஒரு தகரப் பெட்டியில் பேட்டரி, ஒயர், மணி, உப்புத் தண்ணீர் பாட்டில். என்னிடம் கைக்கடிகாரம் இல்லாததால் வீட்டு அலாரம் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டேன். பேச்சு சுவாரசியத்தில் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று நான்கு மணிக்கு அலாரமும் வைத்தேன். (முன்யோசனை என்றால் அப்படி ஒரு முன்யோசனை.)

மதியம் சாப்பாட்டு நேரத்திலேயே சேதி பரவிவிட்டது: "மலை ரோட்டுல மரத்த சாய்க்கப் போறாங்களாம்." பரிசு அறிவிப்புக்குக்கூட நிற்கவில்லை. பிள்ளைகள் சோற்றுப் பொட்டலத்தோடு வெளியே நின்றபோது, நானே அவசர அவசரமாகப் பெட்டியை அடுக்கி மூடினேன். மூன்று மணிக்குமேல் கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம். அதன்மேல் வரிசையாக ஆட்கள்.

"பஸ்ஸெல்லாம் போவாது டீச்சரம்மா. நடந்து போறதுன்னா போங்க," என்றார் மீசை வைத்த ஒருவர்.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளையைத் தாண்டினால், எதிர்ப்பக்கம் போலீஸ் ஜீப். பெட்டியை இறக்கச் சொன்ன கான்ஸ்டபிள் காதை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார்.

"ஐயா, உள்ள டிக்கு டிக்குனு சத்தம் வருதுங்க."

மரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

பதற்றத்தில் கடிகாரம் என் நினைவுக்கே வரவில்லை. "சயின்ஸ் சார்."

"வெடிக்கிற சயின்ஸா, வெடிக்காத சயின்ஸா?"

மூடியைத் திறக்கக் குனிந்தேன். "கை வெக்காத! தள்ளி நில்லு!" என்று கத்தினார். பிறகு செல்வி பக்கம் திரும்பினார். "சின்னப் பசங்க பொய் சொல்லாது. நீ சொல்லு பாப்பா. பொட்டியில இன்னா கீது?"

எனக்குப் போன உயிர் வந்தது. என் மாணவி ஆயிற்றே.

செல்வி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "காலையில பேட்டரி, ஒயரு, மணி இருந்திச்சி சார். இப்ப இன்னா கீதுன்னு தெரியாது. டீச்சர் தனியா அடுக்குனாங்க. நாங்க பாக்கல."

எஸ்.ஐ.யின் கை இடுப்புக்குப் போனது. "இவங்க நெஜமாவே டீச்சரா?"

"ஸ்கூல்ல பாடம் நடத்துறாங்க சார்," என்றாள் பச்சையம்மாள். "மத்த நேரத்துல இன்னா பண்றாங்கன்னு நாங்க பாத்ததில்ல."

அடிப்பாவிகளா! நான் வாயைத் திறப்பதற்குள் அது நடந்தது. மணி நான்கு.

தகரப் பெட்டிக்குள் அலாரம் அடித்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பெட்டியே ரோட்டில் குதித்தது. "வெடிக்கப் போவுதுடா!" என்று யாரோ அலற, மறியல்காரர்களும் போலீஸ்காரர்களும் ஒரே திசையில் பக்கத்துக் கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது நான்.

கடிகாரம் வாங்கியது நான். சாவி கொடுத்தது நான். அலாரம் வைத்ததும் நான். ஆனால் இத்தனை பேர் ஓடினால் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று என் கால்கள் முடிவெடுத்துவிட்டன. கரும்புச் சோகை முகத்தைக் கிழிக்கக் கீழே குப்புற விழுந்து கிடந்தேன். ஒரு பக்கம் மீசைக்காரர், மறுபக்கம் தொப்பி இல்லாமல் எஸ்.ஐ.

"பொட்டி உன்னுதுதான?" என்று அவர் மூச்சிரைக்கக் கேட்டார். "நீ ஏம்மா ஓடியாந்த?"

வாய்க்குள் போன சோகையைத் துப்பினேன்.

அப்போதுதான் பிள்ளைகள் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தால் இருவரும் ரோட்டிலேயே நிற்கிறார்கள். செல்வி பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியைத் தூக்குகிறாள். "செல்வி, வேணாம்டீ!" என்று கத்தினேன். அலாரச் சத்தத்தில் அது அவள் காதில் விழவில்லை. மூடி திறந்ததும் சத்தம் இரண்டு மடங்கானது. அவள் உள்ளே கையை விட்டாள். சத்தம் நின்றது.

"டீச்சர்! கடியாரம்! பாத்துட்டேன்!"

கொல்லையிலிருந்து ஒவ்வொருவராகச் சோகையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எஸ்.ஐ. வெகுநேரம் என்னைத் திட்டினார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே சடையன் சொன்னதைச் சொன்னேன். அவர் தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, "ஏறுங்க ஜீப்புல," என்றார்.

மலை ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சம் குறைந்தது. "எங்கப்பா கோவமா நின்னுக்கினு இருப்பாரு," என்றாள் செல்வி. "அது நினைச்சது," என்றாள் பச்சையம்மாள். எனக்கு இருவரையும் அறைய வேண்டும் போலிருந்தது.

சடையன் ரோட்டோரத்தில் நின்றிருந்தார். மேற்கே கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. மகள் இறங்குவது போலீஸ் ஜீப்பிலிருந்து என்றதும் அவர் முகம் கல்லானது. மகளிடம்தான் கேட்டார்.

"இன்னா நடந்திச்சி?"

செல்வி பார்த்ததை மட்டும் சொன்னாள். மரம், ஜீப், சத்தம், எல்லாம். "டீச்சர் முதல்ல ஓடுனாங்கப்பா. அப்பறம் போலீஸு. ஏன் ஓடுனாங்கன்னு தெரியாது. நான் ஒண்ணு நினைச்சேன், அத சொல்ல மாட்டேன்."

"நீ ஓடலியா?"

"உள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டு ஓடலாம்னு நின்னேன்."

சடையன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நாளைக்கும் ஸ்கூலுக்குப் போ," என்றார் அவளிடம். பிறகு, சோகை கிழித்த என் முகத்தைப் பார்த்தார். "நீங்களும் தவறாம வாங்க டீச்சர். நீங்களும் கத்துக்க வேண்டியது கொஞ்சம் பாக்கி கீது போல."

செல்வி எட்டாவதோடு நிற்கவில்லை. மாமனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னது மட்டும்தான் நான் செய்த தப்பு. இப்போதும் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும், வாசலில் சைக்கிள் மணி அடித்தாலும், அம்மா அடுப்படியிலிருந்து அக்கறையாகக் கேட்பார்:

"டீச்சரே, கரும்புக் கொல்லை எந்தப் பக்கம்னு பாத்து வெச்சிக்கினியா?"