புத்தாண்டு மீனுக்குப் புளிப்பு ஒயின்

மகா கனம் பொருந்திய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஓர்ஹேய் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரன் ஷாயா எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டம்மாவும், அச்சுக் கோக்கிறவரும், அவருடைய கண்ணும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பேனா மாட்டேன் என்கிறது.

விஷயம் தங்கள் பத்திரிகையில் வந்த 'பண்டிகைச் சாப்பாட்டுக்கு ஏற்ற ஒயின்' பற்றியது. அதை எழுதிய நிபுணர் யாரென்று எனக்குத் தெரியாது. நல்ல மனுஷராகத்தான் இருப்பார், பெண்ணைப் பெற்றவராக மட்டும் இருக்க முடியாது. எல்லாப் பண்டிகைக்கும் ஒரே இனிப்பு ஒயினை ஊற்றிக் குடிப்பது பட்டிக்காட்டுப் பழக்கம், அரைத்து அடைத்துச் சமைத்த மீனுக்குப் புளிப்பான வெள்ளை, நெஞ்சுக்கறிக்குத் துவர்ப்பான சிவப்பு என்று அவர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் இந்த யூதப் புத்தாண்டுக்கு என் மகள் ட்வோய்ராவைப் பார்க்க பெல்ட்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மரவியாபாரம், லிதுவேனியா வம்சம், சிரித்தால் சில்லறை குறைந்துவிடும் என்கிற ஆட்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருக்கிறது. இந்தப் பையன் ஃபால்க்கை ட்வோய்ராவுக்குப் பிடித்துவிட்டது, அவளுக்கு ஒருத்தனைப் பிடிப்பது என்பது பனிக்காலத்தில் திராட்சை காய்க்கிற மாதிரி. அப்பேர்ப்பட்டவர்கள் முன்னால் பட்டிக்காடாக நிற்கலாமா?

என் வடக்குச் சரிவில் விளைகிற வெள்ளை ஒயின் நல்ல புளிப்பு. அந்தச் சரிவை என் பெரியப்பா ஒரு குருட்டுக் குதிரையைக் கொடுத்து வாங்கினார், ஏமாந்தது யார் என்று இரண்டு குடும்பமும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தக் குதிரையின் கதையை ஆரம்பித்தால் தங்கள் பத்திரிகையில் வேறு எதற்கும் இடம் இருக்காது, விடுங்கள். அந்தப் புளிப்பு ஒயினைத்தான் கிணற்றில் இறக்கிக் குளிர வைத்தேன்.

தொழுகை முடிந்து மத்தியானம் எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்தோம். ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தின்றோம், வருஷம் இனிக்கட்டும் என்று ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்திக்கொண்டோம். ஐயா, புத்தாண்டன்று நம் சனம் வினிகர் பாட்டிலைக்கூடக் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கும், நாக்கில் புளிப்புப் பட்டால் வருஷம் பூராவும் புளிக்கும் என்று. இது தங்கள் நிபுணருக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். தெரிந்தும், அச்சில் வந்ததைப் பார்த்த மயக்கத்தில் மறந்து தொலைத்தேன். என் மனைவி கிட்டெல் மீனுக்குச் சர்க்கரை போடுகிற கலீசியாக்காரி. அந்தத் தித்திப்பு மீனைத் தின்றுவிட்டு மாப்பிள்ளையின் தாயார் ஹாஸ்யா அம்மாள் ஒயினை ஒரு மடக்குக் குடித்தார்கள். மூஞ்சி சுருக்குப்பை மாதிரி இழுத்துக்கொண்டது.

"என்ன சம்பந்தி, எம்புள்ளைக்கு வருசம் பூரா புளிக்கணும்னு வேண்டுதலா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க, மீனுக்கு இதான் பொருத்தம்னு..."

"ஊத்தறதுக்கு முன்ன நாக்குல வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"எப்படி இருந்துச்சு?"

"புளிச்சுதுங்க."

"அப்புறம்?"

"பேப்பர்ல போட்டிருந்தாங்களே!"

கிட்டெல் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த ஆளு பேப்பர்ல போட்டா கெணத்துலயும் குதிப்பாரும்மா!"

சரி செய்கிறேன் பேர்வழி என்று எல்லார் கிண்ணத்திலும் கரண்டி கரண்டியாகத் தேனை விட்டேன். குளிர்ந்த ஒயினில் தேன் கரையுமா? அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மாப்பிள்ளையின் அப்பா ஹிலெல் நல்ல மனுஷர், வீணாக்கக் கூடாது என்று கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக் காத்திருந்தார். தேன் மொத்தமும் தாடியில் இறங்கிவிட்டது. செப்டம்பர் மாசம், திராட்சை பறிக்கிற நேரம், எங்கள் ஊர்க் குளவிகளுக்கு அழைப்பு வைக்கவா வேண்டும்? ஒன்று வந்தது, அப்புறம் அதன் சொந்தபந்தமெல்லாம் வந்தது. "யாரும் அசையாதீங்க, அதுவா போயிடும்!" என்று நான் கத்தினேன். அது போகவில்லை, உதட்டில் கொட்டியது. அவர் குதித்த குதியில் நெஞ்சுக்கறிக்கென்று வைத்திருந்த சிவப்பு ஒயின் ஜாடி சாய்ந்து, ஃபால்க்கின் வெள்ளை அங்கி நனைந்தது. பண்டிகை இரண்டு நாளும் துணி துவைக்கக் கூடாது என்பது நம் சட்டம். பையன் மறுநாளும் கசாப்புக்கடைக்காரன் மாதிரி அதே அங்கியோடு தொழுகைக்குப் போனான். ஊரே திரும்பிப் பார்த்தது.

பண்டிகை முடிந்து வண்டி ஏறும்போது ஹாஸ்யா அம்மாள், "பதில ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாராவது சொல்லி அனுப்பியிருக்கிறார்களா? ட்வோய்ரா அழவில்லை, அழுதால்கூடத் தேவலை. "அப்பா, இனிமே பேப்பரை மீன் பொட்டலம் கட்ட மட்டும் வாங்குங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். வழக்கமாக ஒரு வரிசை பறிக்கிற நேரத்தில் மூன்று வரிசை பறித்துப் போட்டாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை ஐயா.

ஆகவே தப்பு ஷாயாவுடையது இல்லை, எங்களுடையது என்று தாங்கள் கொட்டை எழுத்தில் போட வேண்டும். நிபுணர் நேரில் பெல்ட்சி போய் ஹாஸ்யா அம்மாளிடம் சொல்ல வேண்டும், ஹிலெல் ஐயாவின் உதட்டையும் விசாரித்துவிட்டு வர வேண்டும். பாவமன்னிப்பு நோன்புக்கு முன்னால் எல்லாரையும் மன்னித்தாக வேண்டும் என்பது கட்டளை. மன்னிக்கிறேன், முந்தின நாள் சாயங்காலம் மன்னிக்கிறேன். அதுவரைக்கும் மன்னிப்பதாக இல்லை.

தங்கள் பெயரையும் தங்கள் குடும்பத்தார் பெயரையும் கடவுள் இந்த வருஷத்துக்கான நல்ல ஏட்டில் எழுதட்டும். நிபுணர் பெயரைக் கொஞ்சம் யோசித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஷாயா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பெல்ட்சியிலிருந்து வண்டிக்காரன் வந்தான். ஹாஸ்யா அம்மாள் சொல்லி அனுப்பியது: "தன் நாக்கு புளிக்குதுன்னு சொல்லியும், அச்சுல வந்த பேச்ச மீறாத மனுசன் அவரு. எங்க வூட்ல என் பேச்ச நாய்கூடக் கேக்கறதில்ல. அந்த வளர்ப்புல வந்த பொண்ணுதான் எனக்கு மருமக." ட்வோய்ரா பிறந்த நாளிலிருந்து யார் பேச்சையும் கேட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கிட்டெல் என் காலை மிதித்துவிட்டாள். ஆகவே மேலே உள்ளது எதையும் அச்சில் போட வேண்டாம். நிபுணரையும் இப்போதே மன்னித்துவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள், கல்யாண விருந்துக்கு எந்த ஒயின் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். ஹாஸ்யா அம்மாளும் இப்போது தங்கள் பத்திரிகை வாங்குகிறார்களாம். எழுதினால் அதை நான் ஊற்றித்தான் ஆக வேண்டும்.